இறுதி ஆட்டமும் முகூர்த்தப் புடவையும்

பட்டு நெய்கிறவன் உள்ளங்கையை மெத்தென்று வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சொரசொரத்தாலும் இழை மாட்டி அறுந்துவிடும். நானோ கோல்கீப்பர். அதுவும் வெறுங்கைக் கோல்கீப்பர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆரணித் தறிக்காரப் பையன்களான எங்கள் கிளப் மாவட்டக் கால்பந்து லீக்கின் முதல் டிவிஷனுக்கு ஏறியது. லீக் தொடங்கும் முன் அந்த டிவிஷனின் நான்கு கிளப்புகளைக் கூட்டி எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு சின்னக் கோப்பைப் போட்டி வைத்தார்கள். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு மாலை இறுதி ஆட்டம், அவ்வளவுதான். "தறிக்காரப் பசங்க சும்மா கணக்குக்கு வந்துகிறாங்க" என்று ஒரு வெளியூர்க்காரர் என் காதுபடவே சொன்னார். அவருடைய டீமைத்தான் அரையிறுதியில் மூட்டை கட்ட வைத்தோம்.

ஆனால் சரளையில் விழுந்து விழுந்து என் இரண்டு உள்ளங்கைகளும் உரிந்துபோயின. ஞாயிறு காலை தறியில் உட்கார்ந்தேன். மறுநாள் பட்டுக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை, இன்னும் கொஞ்சம் பாக்கி. தறியில் பூட்டியிருந்த பாவு நூலைத் தொட்டதுமே இழைகள் கையோடு வந்தன. அறுந்ததை முடிந்து முடிந்து நெய்தால் இருட்டுவதற்குள் முடிக்கலாம். ஆனால் கிளப்புக்கு வேறு கோல்கீப்பர் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் நெசவு வீட்டுப் பெண்தான்.

"எழுந்திருங்க. நான் நெய்யறேன்."

"நடுவுல ஆள் மாறினா தறி அடிக்கிற அடி மாறி, நெசவு சீரில்லாம போயிடும். கடைக்காரர் விரலுக்குத் தெரிஞ்சிடும்."

"தெனம் உங்க தறிச் சத்தத்தக் கேட்டுகினுதான இருக்கேன்? உங்க அடி எனக்குத் தெரியாதா? ஜல்தி கெளம்புங்க. ஜெயிக்காம மட்டும் வூட்டுக்கு வராதீங்க."

எதிரணி தோல் தொழில் ஊரிலிருந்து வந்த கிளப். அவர்களுடைய கோல்கீப்பர் கையில் தடிமனான தோல் கையுறை. பொறாமையாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை, ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அவர்களுடைய கடைசி உதைக்கு வலப்பக்கம் பாய்ந்தேன். உள்ளங்கை நெருப்பாக எரிந்தது, பந்து வெளியே போனது. கோப்பை எங்களுக்கு!

மறுநாள் கையில் துணிக்கட்டோடு நான் நடக்க, புடவையை அவள்தான் கடைக்குத் தூக்கி வந்தாள். கடைக்காரர் அதை விரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை ஓட்டினார்.

"ஒரே சீரா இருக்குதுப்பா. இந்தக் கைய வெச்சிகினா நெய்ஞ்ச?"

"கடைசிப் பக்கம் பூரா இவ நெய்ஞ்சதுண்ணே."

அவர் மறுபடியும் விரலை ஓட்டிப் பார்த்தார். ஆள் மாறிய இடம் அகப்படவில்லை.

"அப்ப அடுத்த பொடவைக்குப் பாவு நூல யார்கிட்டம்மா குடுக்கறது?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "எங்கிட்டயே குடுங்கண்ணா. லீக் முடியற வரைக்கும் இவரு பட்டுல கை வெக்க மாட்டாரு."

அந்த லீக் முழுக்க நான் கோலில் நின்றேன். எந்த ஊர் மைதானத்திலும் என் கையைப் பார்த்து, "நெசவு என்னாச்சுப்பா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், என் மனைவி நெய்கிறாள் என்று கர்வமாகச் சொன்னேன்.