ஜெசிந்தா சுரண்டிய உளுத்தம்பருப்பு

ஜெசிந்தா காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி அந்தோணி போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். முதல் நாள் மாலைதான் சாந்தோமிலிருந்து நடந்தே மயிலாப்பூர் வந்து, நான் கொடுத்த காபியில் டிகாக்‌ஷன் போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனவர். நெஞ்சு வலிக்கிறது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? "அக்கா யார்கிட்டயும் சொல்லல மாமி" என்றார் அந்தோணி. சொல்லமாட்டார்தான். தன்னைப் பற்றிக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொலைபேசி அலுவலகத்தில் அவருக்கு வேலை. பார்வையற்ற கல்லூரி மாணவிகளுக்காகப் பாடப் புத்தகங்களை கேசட்டில் வாசித்துக் கொடுக்கும் எங்கள் சிறு குழுவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் சனிக்கிழமைதோறும் கூடுவோம். கணீரென்ற குரல் அவருக்கு. பக்கத்து அறையில் நான் வாசிக்கும் கேசட்டிலும் அவர் குரல்தான் கேட்கும். இதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

மாணவிகளுக்கென்று வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான் டேப் ரெக்கார்டர்கள் அனுப்பியிருந்தார். மேலே ரப்பர் போல மெத்தென்று ஒரு கறுப்புப் பூச்சு. வந்த புதிதில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தோம். நம் ஊர் வேர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் சில கோடைகூட அது தாங்கவில்லை; வெல்லப் பாகாய் இளகிப் பிசுபிசுத்தது. செய்தித்தாளில் சுற்றி வைத்தால் ராசிபலன் அப்படியே அதன்மேல் அச்சாகிவிடும்.

நமக்கு அது வெறும் அசிங்கம். பிரெய்ல் படிப்பவருக்கு விரல் நுனியில் பிசின் ஒட்டினால் புள்ளியே தெரியாது. எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த செல்வி ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "கையக் கழுவிக் கழுவித் தோலே உரியுது மாமி. கேசட் கேட்டா படிக்க முடியல, படிக்கணும்னா கேசட்டத் தொட முடியல."

ஜெசிந்தா சர்ஜிகல் ஸ்பிரிட்டும் பழைய பனியன் துணியுமாக வந்து சேர்ந்தார். "இன்னா மாமி, தொட மாட்டீங்களா? ஸ்பிரிட் பட்டா மடி போய்டுமா?" என்று என்னையும் வம்புக்கு இழுத்து உட்கார வைத்தார். தேய்க்கத் தேய்க்கப் பூச்சு கரைந்து, அடியிலிருந்த சுத்தமான பிளாஸ்டிக் வெளியே வந்தது. செல்வியின் ரெக்கார்டரில் ஒரு பொத்தான்மேல் உடைத்த உளுத்தம்பருப்பு ஒன்று ஒட்டியிருந்தது. "ஹாஸ்டல்ல இதுமேலதான் சமைக்கிறாங்க போல" என்று சிரித்தபடி அதை நகத்தால் சுரண்டி எறிந்தார்.

அது செல்வியே பசை வைத்து ஒட்டிய பருப்பு! பதிவுப் பொத்தான் எதுவென்று விரலுக்குத் தெரிவதற்காக ஒட்டியது. பளபளவென்று திரும்பி வந்த ரெக்கார்டரில், பாடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவள் பதிவை அழுத்திவிட்டாள். குரல் வரவில்லை. ஸ்பிரிட் உள்ளே போயிருக்கும், காய்ந்தால் வரும் என்று காத்திருந்தாள். அவள் காத்திருந்த நேரமெல்லாம் பாடம் அழிந்துகொண்டிருந்தது. அந்த வாரமே பரீட்சை.

"நான் எழுதல அக்கா. ஊருக்கே போயிடறேன்" என்றாள்.

ஜெசிந்தாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் சாக்குப்போக்கு சொல்லவில்லை. "எம்மேல கோவப்படு செல்வி. நல்லா திட்டு. படிப்பு மேல காட்டாத" என்றார். மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கோட்டூர்புரத்தில் அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். "இனிமே நான்தான் கேசட்டு. நிறுத்தணும்னா என் கைய அழுத்து, நிறுத்திடறேன்." தொண்டை கட்டி, அந்தக் குரல் கரகரத்துப் போகும்வரை வாசித்தார். செல்வி பரீட்சை எழுதினாள். தேறினாள். இன்று அவளே கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள்.

அதற்குப் பிறகு, அதற்குரிய மாணவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் ஜெசிந்தா எந்த ரெக்கார்டரையும் தொட்டதில்லை. அந்த மாணவி கை காட்டுகிற இடத்தை விட்டுவிட்டுத்தான் மற்றதைத் துடைப்பார். நான் அவசரப்பட்டால் அதட்டுவார்: "நமக்குக் குப்பையா தெரியறது அவங்களுக்கு இன்னான்னு யார் கண்டா? கேளுங்க மாமி, வாய் இருக்கில்ல?" எனக்கே வாய் இருக்கிறதா என்று கேட்ட ஒரே மனுஷி அவர்தான்.

சாந்தோம் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா முகத்த நான் தொட்டுப் பார்த்ததே இல்ல மாமி. பாக்கலாமா?" என்றாள். அந்தோணி தலையசைத்தார். அது அவளுக்குத் தெரியாதே என்று உறைத்ததும், "பாரும்மா" என்றார்.

நெற்றி, இமை, மூக்கு, மோவாய் என்று அவள் விரல்கள் அவசரமில்லாமல் போய்வந்தன.

"இவ்ளோ சின்ன முகமா மாமி?"

ஆமாம், சின்ன முகம்தான். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை.

போய் வாருங்கள், ஜெசிந்தா.