பட்டாம்பூச்சி மீனுக்குக் கட்டிய வேட்டி

இன்று காரியாபட்டியில் கல்யாணப் பந்தி. என் இலையைச் சுற்றி நான்கு பேர் நின்று, "கூச்சப்படாமச் சாப்புடுங்கண்ணே" என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய மீன் ஒன்று ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் எங்கள் ஜவுளிக்கடைக்குள் கடல்மீன் தொட்டி இருந்தது. தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து லாரியில் கேன் கேனாக வரும்.

மற்ற மீன்கள் போட்டதையெல்லாம் அள்ளித் தின்றன. புதிதாக வந்த பட்டாம்பூச்சி மீன் மட்டும் நான்கு நாளாகக் கல்லுக்குப் பின்னால் பட்டினி கிடந்தது.

செத்துவிடுமோ என்று பயந்து, கடையே தொட்டியைச் சுற்றி நின்று, "சாப்புடு, சாப்புடு" என்று உபசரித்தோம். அது இன்னும் உள்ளே போனது.

சேலை எடுக்க வந்த பந்தல்குடி அக்கா சலித்துக்கொண்டார். "இத்தனை பேரு வாயையே பாத்துக்கிட்டு நின்னா அது எப்பிடித் தம்பி திங்கும்? மறைப்பு கட்டுங்க."

கண்ணாடி மேல் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டோம். மற்ற மீன்களுக்கு ஒரு மூலையில் தீனி போட்டுவிட்டு, இறால் துணுக்கைக் கல் இடுக்கில் செருகினேன். சற்று நேரம் கழித்து வேட்டியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தால், கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

கூச்சக்காரர்களே, நீங்கள் எல்லாம் பந்தியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பாயசம் வரும்வரை காத்திருந்தேன். என் இலைக்கு முன்னால் வேட்டி பிடிக்க ஒருவரும் வரவில்லை.