தெரணியகலையில் அம்மா கையை விட்ட நாள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா என்னை நடுப்பாதையில் விட்டுவிட்டு ஓடினாள்.

அதற்கு முந்தின வருடம் தேயிலைக் கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தது. அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, செத்துப்போனாள். அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். புண்ணியம் செய்தவள் என்றது எங்கள் தோட்டத்து லயம். புண்ணியம் செய்தவள் அதன்பிறகு ஒழுங்காகத் தூங்கவில்லை. கொழுந்தை விட்டு ரப்பர் பால் வெட்டப் போனாள். பக்கத்து வீட்டு ரேடியோ இரைந்தாலும் கதவைச் சாத்துவாள். வீக்கமெல்லாம் வற்றிய பிறகும் ஒருத்திக்கு இத்தனை பயம் எதற்கென்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அன்று காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க தெரணியகலை டவுனுக்குப் போயிருந்தோம். கையைப் பிடித்தபடி பாதையைக் கடந்துகொண்டிருந்தபோது, ஓரத்தில் ஒருவர் புல் வெட்டும் மெஷினை ஸ்டார்ட் பண்ணினார். 'ஙொய்'யென்று அது இரைந்ததும் அம்மாவின் கை என் கையில் இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் "அம்மா, அம்மா" என்று கத்தினேன். பஸ் ஒன்று எனக்கு முன்னால் கிரீச்சென்று நின்றது.

அம்மா பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் முந்தானையால் தலையை மூடிக் குந்தியிருந்தாள். சேலையிலேயே மூத்திரம் போயிருந்தது. மெஷின்காரர் அதை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "மொகத அக்கே, மொகத உணே?" என்று கை நீட்டினார். என்ன ஆச்சு என்று சிங்களத்தில் கேட்டவரைப் பார்க்காமல் அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சப்பாத்துக் கடை வாசலில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

சப்பாத்து வாங்காமலே திரும்பினோம். இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"உன்னயும் விட்டுட்டு ஓடிட்டேனே பாப்பா. அண்ணி, அண்ணின்னு கத்துனது நல்லா கேட்டுச்சு. திரும்பியே பாக்கலயே நான்."

நான் கத்தியது 'அம்மா' என்றுதான். பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"பரவாயில்லம்மா, பஸ்தான் நின்னுருச்சே" என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

எங்கள் வீட்டில் அம்மாவை அண்ணி என்று கூப்பிட ஒரே ஒருத்திதான் இருந்தாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.