சேற்றில் மாட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமாகி ஆறு மாதம் வரை என் புருஷனின் குரல் தனியாக எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை, அதோடு ஒட்டி ஓர் அடுப்படி. மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார், இரண்டு கொழுந்தன், நாங்கள் இருவர். ராத்திரி பாய் விரித்தால் தரை தெரியாது. ஒருவர் திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவரும் சேர்ந்து திரும்ப வேண்டும். இவர் என் காதோடு ஏதாவது சொன்னால், அந்தக் கோடியிலிருந்து "இன்னாண்ணே சொன்ன?" என்று கேள்வி வரும்.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பார்க்கிற பெண்களெல்லாம் "விசேஷம் ஏதாச்சும் இருக்காம்மே?" என்று என் வயிற்றைப் பார்ப்பார்கள். மாமியார் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார். எட்டுப் பேர் படுக்கிற அறையில் விசேஷம் எங்கிருந்து வரும், கூரையைப் பிய்த்துக்கொண்டா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். இப்படியே போனால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று இவரிடம் சொல்லத் தீர்மானித்தேன். அதைச் சொல்லவும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் குழாயடியில், குடம் நிரம்புகிற சத்தத்துக்கு நடுவே சொல்லிவிட்டேன்.

இவர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். எவ்வளவு பெரிய மூட்டையையும் யார் தலையிலும் போடாமல் நகர்த்தத் தெரிந்தவர். மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் மாதாவுக்கு ஒரு நேர்ச்ச வெச்சிகினோம். ஒரு வருசம், ஞாயித்துக்கெயமைன்னா, பூசை முடிச்சிட்டு தண்ணி மேலயோ நடந்தோ போயி, எந்த ஊரு மாதா கெபியிலயாச்சும் மெயுகுவத்தி ஏத்தணும். ரெண்டு பேரு மட்டும்தான் போவணும்."

நான் நேர்ந்துகொண்ட விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். மாமியார் கண் கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். மாதா பெயரைச் சொன்ன பிறகு எங்கள் தெருவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

எண்ணூரில் இவருடைய தோஸ்து ஒருவரிடம் பழைய தோணி ஒன்று சும்மா கிடந்தது. கொருக்குப்பேட்டையில் கரி ரயில் ஏறி, முகத்தில் கரித்தூளோடு போய் இறங்கினோம். "தள்ளத் தெரியுமா?" என்று கேட்டேன். "கப்பலையே ஆட்டி வெக்கிறவன கேக்கற கேள்வியா இது?" என்றார். இவருக்குத் தண்ணீரைக் கரையிலிருந்துதான் பழக்கம் என்பது உடனே தெரிந்துவிட்டது. அப்போது எண்ணூரில் அனல் மின் நிலையத்துக்குப் புகைபோக்கி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு தடவை என் இடது பக்கம் வந்தது, ஒரு தடவை வலது பக்கம் வந்தது. தோணி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஆற்றுக்குள் நுழைந்தோம். இவர் உற்சாகத்தில் கழியை ஓங்கி ஊன்றினார். கழி சேற்றில் நின்றது, இவர் கழியோடு நின்றார், தோணி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "ம்மே, நிறுத்து! நிறுத்து!" என்று கத்துகிறார். எதைப் பிடித்து நிறுத்துவது? அதற்குள் கடல் பக்கம் தண்ணீர் வடிய ஆரம்பித்து, தோணி தானாகவே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இவர் முழங்கால் சேற்றில் நடந்து வந்து ஏறினார். ஒரு செருப்பு ஆற்றோடு போயிற்று.

மறுபடி தண்ணீர் ஏறுகிற வரை அசைய முடியாது. சுற்றிலும் சேறு, நாரை, வெயில். தூக்குச் சட்டியைத் திறந்து கருவாட்டுக் குழம்புச் சோறு சாப்பிட்டோம். அப்புறம் இவர் பேச ஆரம்பித்தார். வீட்டில் தகரம் தட்டுகிற மாதிரி கத்துவார். மற்ற ஏழு பேரை மீறிப் பேசிப் பேசி அப்படி ஆகியிருந்தது. சேற்றில் மெதுவாகப் பேசினார். நல்ல குரல். குறட்டை விட்டால் நான் என்ன நினைப்பேனோ என்று கல்யாணமான நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். நான் சிரித்த சிரிப்பில் நாரைகள் எழுந்து போய்விட்டன. அன்றைக்குத்தான் எனக்கு இவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு, தண்ணீர் எப்போது இறங்கும் என்று தோஸ்திடம் விசாரித்துவிட்டு, சரியாக அந்த வேளையில் தோணியை எடுப்போம். மாட்டிக்கொள்ள நல்ல இடங்களாக நாலைந்து எங்களுக்குப் பழக்கமாகிவிட்டன.

மாதாவை ஏமாற்றினோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம்கூட மெழுகுவத்தி தவறியதில்லை. தோணி கிடைக்காத வாரம் அத்திப்பட்டில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு நடப்போம். வள்ளூர்ப் பக்கம் குறுக்கு வழி என்று இவர் கூட்டிப்போன வழி, உப்பளத்தின் நடுவில் வரப்பு மாற்றி வரப்பு ஏறவைத்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. உப்பு வாருகிற பெண்கள் கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மழைக்காலத்தில் ஆறு பொங்கி வந்தபோது தோணியைக் கரையில் கவிழ்த்து, அதற்கடியில் குந்திக்கொண்டு சீட்டாடினோம். இவர் கள்ளாட்டம் ஆடுவார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஞாயிறு வந்தால் புகைபோக்கி ஓர் ஆள் உயரம் வளர்ந்திருக்கும். எனக்கு அம்மா வீட்டு நினைப்பே வரவில்லை.

வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது மாமியார் குண்டைப் போட்டார். "பெத்தவளும் கூட வேண்டிகினாதான் பலிக்குமாம். வர்ற ஞாயிறு நானும் வர்றேன்."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். நான் எதிரே உம்மென்று உட்கார்ந்திருந்தேன். எண்ணூர்க் கரையில் தோணியைப் பார்த்தார். உள்ளே சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து சீட்டுக்கட்டு எட்டிப் பார்த்தது.

"நேர்ச்சைக்கு சீட்டுக்கட்டு இன்னாத்துக்குடா?"

இவர் வானத்தைப் பார்த்தார். மாமியார் காசிமேட்டுக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போயிருந்தோம். கரையோரம் ஈரக்கோடு விட்டிருந்ததை ஒரு பார்வை பார்த்தார்.

"தண்ணி எறங்கிகினு கீது. இப்ப போனா சேத்துல குந்திக்குவோமேடா."

"அப்டியாம்மா?" என்றார் இவர், பச்சைக் குழந்தை மாதிரி.

மாமியார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய சேற்றுக்கறை போகாத என் சேலைக் கரையைப் பார்த்தார். நான் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமியார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கழியை வாங்கினார். ஆழம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துத் தள்ளி, எங்கேயும் தட்டாமல் மாதா சொரூபம் இருக்கிற கெபிக்குக் கொண்டுபோய், மெழுகுவத்தி ஏற்ற வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் சேர்த்துவிட்டார். எல்லாம் முடிந்தது, இனி அந்த அறைதான் கதி என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அடுப்படியில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. வந்ததெல்லாம் உப்பு, புளிக் கணக்குதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் ரயில்வே யார்டிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சே வராத மனிதர். மாமியார் அவர் முன்னால் போய் நின்றார்.

"நானும் ஒரு நேர்ச்ச வெச்சிகினேன். நாளைக்கு நீயும் நானும் எண்ணூரு போறோம்."

"இன்னாத்துக்கு?"

"அது எனுக்கும் மாதாவுக்கும்." இவர் பக்கம் திரும்பினார். "டேய், தண்ணி எப்ப எறங்குதுன்னு உன் தோஸ்தாண்ட கேட்டு வை."

மறுநாள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு. "இன்னாம்மா ஆச்சு?" என்று நாத்தனார்கள் பதறினார்கள்.

"சேத்துல மாட்டிகினோம்," என்றார் மாமியார். மாமனார் காலைக் கழுவிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தபடி உள்ளே போனார்.

நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மாமியார் என் காதோடு குனிந்தார். "உங்க மாமா நல்லா பாடுறாரும்மே. ஆறு பெத்து ஒண்ண மண்ணுல போட்டேன், இது எனுக்குத் தெரியாது."

அவருடைய சேற்றுப் புடவையை வாங்கி நானே அலசினேன். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் தோணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, நாங்கள் கால்வாய்க் கரையோடு நடந்தோம். மசக்கையில் எனக்குத் தோணி ஒத்துக்கொள்ளவும் இல்லை.