யார் கொடுத்தது என்று கேட்காத வீடு

என் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவன் அம்மா மூத்தவள், என் அம்மா அடுத்தவள். மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், பாவாடை கட்டும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பெரியம்மாவுக்கு இரண்டே பிள்ளைகள், ஒரு பெண், ஒரு பையன். வயதில் நான் இரண்டு பேருக்கும் நடுவில். அதனால் அவள் எனக்கு அக்கா, நான் அவனுக்குச் சின்னக்கா. அவனை வீட்டில் எல்லோரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவோம். பிற்பாடு ஊரெல்லாம் அமைச்சர் என்று கூப்பிட்டது. அதற்கும் பிற்பாடு கூப்பிட்டதை நான் எழுதப்போவதில்லை.

நூற்பாலையில் அவனுக்கு ஒயர்மேன் வேலை. மோட்டார் ஓடும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பான். எங்கே கோளாறு என்று கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கிற தொட்டியிலிருந்து படுக்கை விரிப்புகளைக் கோலால் இழுத்துப் போட்டு அலச வேண்டும். ஆவி பட்டுப் பட்டு முழங்கை வரைக்கும் தோல் சிவந்தே கிடக்கும். பெரியம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். தம்பி வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்துக்குப் போனான்.

அப்போது நாடு நம்முடையதாக இல்லை. தெருமுனைக்குத் தெருமுனை அந்நியப் பட்டாளம் நின்றது. அவர்கள் முகாமுக்குப் போகும் கரண்டை அறுப்பதுதான் இயக்கத்தில் அவன் வேலை.

இயக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்தோ அரிசியோ கம்பளியோ, யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது. தெரியாத பெயரை அடித்தாலும் பிடுங்க முடியாது அல்லவா, அதற்காக. அந்த வழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு யாரோ ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தனுப்பினார்கள். இரண்டுமே இடது காலுக்கானவை. வலது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து விழுகிற வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

"குடுத்தவன்கிட்ட மாத்திக் குடுன்னு கேட்டா என்னடா?" என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சாத்தானே சின்னக்கா கேக்கிறதுக்கு."

"அப்ப அவன்கிட்ட ரெண்டும் வலது காலா இருக்கும். அவனும் நொண்டிக்கிட்டுத்தான் அலைவான்."

அக்கா அன்று சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. ரத்தம் தோய்ந்த விரிப்பு மூட்டைக்குள் ஆஸ்பத்திரி மருந்தை வைத்து வெளியே அனுப்புவாள். பட்டாளத்தான் எவனும் அந்த மூட்டைக்குள் கை விடமாட்டான். யாரோ காட்டிக் கொடுத்து அவளைப் பிடித்துப் போனார்கள். கையைப் பின்னால் கட்டச் சொல்லி, உட்காரவிடாமல் நிறுத்திவைத்துக் கேட்டார்கள். மருந்து யாருக்குப் போகிறது, தம்பி எங்கே என்று. "எனக்குத் தெரியாது." அது ஒன்றுதான் அவள் சொன்னது. வெளியே விட்டபோது இடது கை விரல்கள் மடங்கவில்லை, கடைசி வரைக்கும் மடங்கவே இல்லை.

விடுதலை வந்தது. ஒயர்மேனை ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்தலில் நின்றான், ஜெயித்தான். கரண்டு தெரிந்தவன் என்று மின்சாரத்துக்கே அமைச்சராக்கினார்கள். முதலில் ஆபீசுக்கு சைக்கிளில்தான் போனான். வாசல் காவலாளி அவனை யாரென்று தெரியாமல் ஓரமாக நிற்கச் சொல்ல, அவனும் நின்றானாம்.

போராட்டக் காலத்தில் ரேடியோவுக்கு பேட்டரி கொண்டுவந்து கொடுத்த கூட்டாளி ஒருவன் இருந்தான். பேட்டரி என்றே அவனைக் கூப்பிடுவார்கள். அவன் இப்போது அரசாங்கத்துக்கு மின்சாதனம் வாங்கிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன். சலவைக்கூடத்துக்குப் பின்னால் அக்காவும் தம்பியும் இருந்த இரண்டு அறைக்கு ஒருநாள் ஒரு பிரிட்ஜ் வந்து இறங்கியது. அக்கா கட்டிலை நகர்த்தி இடம் பண்ணினாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அப்புறம் சோபா வந்தது. அதற்கு இடம் இல்லாமல் வாசலில் கிடந்து நனைந்தது. பிறகு கார்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்காது. ஒருநாள் அந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டே கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா அமைச்சரே, என் பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம ஒருத்தனையும் விடமாட்டேன். உன் வீட்டுல ஏறுற சாமான் ஒண்ணுத்துக்கும் டிக்கெட் இல்ல போலிருக்கே?"

"அத்தான், கூட இருந்தவங்க பிரியமாக் குடுக்கிறாங்க. அன்னிக்குக் கேட்டோமா, இன்னிக்குக் கேக்க?"

"அன்னிக்கு அவங்க குடுத்தது ஒயர்மேனுக்கு. இன்னிக்குக் குடுக்கிறது யாருக்கு?"

அக்காதான், "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று பேச்சை மாற்றினாள்.

அப்புறம் வீடு வந்தது. மாடி வைத்த வீடு. கையெழுத்துப் போடு என்று தம்பி சொன்னான், அக்கா போட்டாள். வீடு அவள் பெயருக்கு வந்தது.

அந்த வருஷம் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பேட்டரி வாங்கிக் கொடுத்த புது டிரான்ஸ்பார்மரை வைத்தார்கள். அமைச்சர் வந்து சுவிட்சைப் போட்டார். நானும் கூட்டத்தில் நின்றேன். சுவிட்சைப் போட்டதும் அது உறுமத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மட்டும் தலையைச் சாய்த்தான். மில்லில் மோட்டார் முன்னால் சாய்க்கிற அதே சாய்ப்பு. பக்கத்தில் நின்ற பேட்டரி அவன் தோளில் கை போட்டான். இவன் தலையை நிமிர்த்திக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த கோடையில் அது வெடித்தது. எண்ணெய் தீப்பிடித்துப் பக்கத்துத் தையல் கடை மேல் கொட்டியது. தையல்காரர் உள்ளேயே கருகிச் செத்துப்போனார். பழைய இரும்புக்குப் புது பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பேட்டரி கடல் தாண்டி ஓடிவிட்டான். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அந்த வீடு எப்படி வந்தது என்று கேட்க அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

தம்பியின் வக்கீல் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "சாரோட அக்கா தெரியாதுன்னு மட்டும் சொன்னாப் போதும். வீடு அவங்க பேருல இருக்கு. பழி வந்தா அவங்க மேலதான் வரும். நாட்டுக்காக விரலைக் குடுத்தவங்கள ரொம்ப நாள் உள்ள வைக்கமாட்டாங்க. சார் தப்பிச்சிடுவாரு." தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா, "அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றாள்.

துணைக்கு நான்தான் போனேன். விசாரிக்க உட்கார்ந்திருந்தது ஒரு பெண் அதிகாரி, எங்கள் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றாள்.

"நின்னுக்கிறேன்."

"வயசானவங்க, கால் வலிக்கும்."

அக்கா உட்காரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், யாரும் சொல்லாமலே.

"இந்த வீட்டை யார் வாங்கிக் குடுத்தாங்க?"

"எனக்குத் தெரியாது."

"உங்க தம்பியா?"

"எனக்குத் தெரியாது."

மறுநாளும் அதே நிற்பு, அதே பதில். அவள் முதுகு முன்பைவிட நேராக இருந்தது. அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தபோதுகூட, விஷமோ என்று பார்க்கிற மாதிரி அக்கா பார்த்தாள். பின் வரிசையில் வக்கீல் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அக்காவின் கட்டிய கைதான் தெரியும், அந்த மடங்காத விரல்களோடு. அவளை அன்று பட்டாளம் எப்படி நிறுத்தியதென்று அவன் காதால்தான் கேட்டிருந்தான். கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

அவன் எழுந்துவிட்டான். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவங்கள விடுங்க. வீடு என்னுது. பேட்டரி குடுத்தான்."

"எதுக்குக் குடுத்தாருன்னு கேட்டீங்களா?" என்றாள் அதிகாரி.

"கேக்கல. அப்பல்லாம் நாங்க கேக்காம வாங்கினது தெரியக் கூடாதுங்கறதுக்காக. இத நான் கேக்காம வாங்கினது, தெரிஞ்சதால." பிறகு, "அந்த டிரான்ஸ்பார்மர் பழசுன்னும் தெரியும். சத்தத்திலேயே தெரிஞ்சுது" என்றான்.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். "வாயை மூடுடா" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. வீட்டுக்கு சீல் வைத்துவிட்டார்கள். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தன்னை அவன் காப்பாற்றினான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். நான் போயிருப்பேன். அவன் ஏன் வாயைத் திறந்தான்?" என்பாள். சிறைக்கு நான் மட்டும்தான் போய் வந்தேன். "அக்கா வரலையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

ஒருநாள் அவளாகவே கிளம்பித் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். தையல்காரர் மனைவி கதவைப் பாதி திறந்து, யார் என்று கேட்டாள்.

"அமைச்சரோட அக்கா."

கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சாத்தவில்லை. அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு கேள்வி கேக்கட்டுமா? அவ்வளவு பெரிய வீடு கையில வந்தப்போ, எப்படிடா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை அவர நீங்க கேக்கவே இல்லையா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா?"

அந்த அம்மா உள்ளே போய்விட்டாள். அக்கா படியில் உட்கார்ந்தாள். கை கொடுத்துத்தான் எழுப்பினேன்.

அடுத்த வாரம், "நானும் வரேன்" என்றாள். சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். அக்கா நலம் விசாரிக்கவில்லை. பிரிட்ஜ் யார் கொடுத்தது என்று ஆரம்பித்தாள். சோபா யார், கார் யார், அவர்களுக்கு நீ என்ன செய்து கொடுத்தாய், எத்தனை தெருவில் அந்தப் பழைய இரும்பை வைத்தாய். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எந்தெந்தத் தெரு என்பதையும் சொன்னான். அவற்றைக் கழற்றச் சொல்லி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

"சரி. அன்னிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டே இல்ல? கேட்டுட்டு என்னடா நினைச்சே?"

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காவலர் நேரமாகிவிட்டது என்றார். அக்கா அசையவில்லை. அவள் அதற்குப் பிறகு உயிரோடிருந்த காலம் முழுக்க மாதம் தவறாமல் போனாள், மாதம் தவறாமல் அந்த ஒன்றைக் கேட்டாள். அதற்கு மட்டும் அவன் பதில் சொல்லவில்லை.