ஒற்றைக் காதுக் கடுக்கன்

ராமாயி, பழனிச்சாமி, நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். அண்ணன் சென்னியப்பனுக்கு மட்டும் ஏன் ஒரு காதில் கடுக்கன், மற்றக் காது ஏன் குத்தாமல் இருக்கிறது என்று. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தெரிந்த மட்டும் எழுதுகிறேன். இது முருகன் எனக்குச் செய்த உதவி. எனக்குப் பிறகு நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அண்ணன் அப்போதுதான் ஓடித் திரிய ஆரம்பித்திருந்தான். மாசியில் காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காலையும் கொண்டு போய்விட்டது. தூக்கி நிறுத்தினால் ஈரத்துணி போல மடிந்து விழுவான்.

ஓமலூர் வைத்தியர் தைலம் கொடுத்தார். ஒருத்தன் வந்து முழங்காலில் சூடு போட்டான். பிள்ளை கத்தினது மேற்குக் காடு வரை கேட்டதாம். புண்தான் மிச்சம். சேலத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். இதற்கு மருந்து இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள் என்றார். வீட்டில் யார் பார்ப்பது? பிள்ளையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அப்போது நாங்கள் உங்கள் பெரியப்பனோடு ஒரே குடும்பம். விடிந்தால் எல்லாரும் காட்டுக்குப் போக வேண்டும். உங்கள் ஆத்தாளை ஒரு நாள் வீட்டில் நிற்க விடமாட்டார்கள். அண்ணனை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டுத்தறியில், கன்றுக்குட்டி பக்கத்தில் கட்டிவிட்டுப் போவோம். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் கோழி அவன் புண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறது. அழுது அழுது ஓய்ந்துபோய், பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காது குத்தலாம் என்றால் தாய்மாமன் மடி வேண்டும். உங்கள் மாமன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நொண்டிப் பிள்ளையை மடியில் வைத்தால் தன் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு வண்டி கட்டப் போகிறோம் என்று பேச்சு நடந்தது. பெரியப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவை பையனையும் வண்டியில ஏத்திக்கலாம். பழனி அடிவாரத்துல உட்டுட்டு வந்தா நாலு பேரு கஞ்சி ஊத்துவாங்க. சாமி பாத்துக்கும்."

"பெத்த பிள்ளைங்ணா."

"ஆரு இல்லைன்னா? உக்காந்து திங்கற பிள்ளை. காது குத்தியிருந்தாலும் நம்ம பங்காளின்னு சொல்லிக்கலாம். அதுவுமில்லையே."

உங்கள் ஆத்தாள் அன்றிலிருந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நான் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கப் போனேன். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து கூடவே இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போதுதான் கேட்டேன். முருகா, உன் பேரைச் சொல்லித்தான் என் பிள்ளையைத் தூக்கிப் போடப் பார்க்கிறார்கள். கால் வேண்டும் என்று கேட்கவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கொடு. தோல்பறி தண்ணீர் நிறைந்து மேலே வந்து கொட்டும், திரும்பி ஏறுவேன், மறுபடி இறங்குவேன், மறுபடி அதையே கேட்பேன். பொழுது சாயும் வரை வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தோம். ஊர் மருத்துவச்சி பாவாயி கூடையோடு வந்தாள். உங்கள் மூன்று பேருக்கும் பிரசவம் பார்த்தவள் அவள்தான். வருஷா வருஷம் களத்தில் அவளுக்குத் தவச தானியம் கொடுப்பது வழக்கம். பெரியப்பன் முறத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"அள்ளிக்க பாவாயி. இந்த வருசம் ஒரு வாய் குறையுது எங்களுக்கு."

"கேள்விப்பட்டனுங்க சாமி. எங்கிட்டக் கேக்காம எப்படிங்க கொண்டு போவீங்க?"

"உங்கிட்ட என்ன கேக்கறது?"

"காது குத்தாத பிள்ளை மருத்துவச்சி பிள்ளைங்களே. காது குத்தி எனக்குச் சேலை கொடுத்தப்பறந்தானுங்க என் பாத்தியம் தீரும். நீங்க இன்னும் குத்தலைங்களே."

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெரியப்பன் சிரித்தார்.

"அப்ப நீயே தூக்கிட்டுப் போய் வளர்த்துக்க."

"தினம் வந்து பாத்துக்கறனுங்க. கொண்டு போறதா இருந்தாச் சொல்லீருங்க, இந்தக் களத்துக்கு நான் இனி வரலை." கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்க மருமவளுக்கு இது நிறைமாசமுங்களா சாமி?" என்று கேட்டாள்.

எங்கள் ஊருக்கு அவளை விட்டால் வேறு மருத்துவச்சி கிடையாது. பெரியப்பன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். தைப்பூசத்துக்கு வண்டி அண்ணன் இல்லாமல்தான் போயிற்று.

மறுநாள் காலையிலிருந்து பாவாயி வந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். எண்ணெய் தேய்த்தாள். வாய்க்கால் மணலில் குழி தோண்டி, இடுப்பு வரை புதைத்து அவனை நிற்க வைத்தாள். மற்றப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து நின்று அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். கால் வரவில்லை, பிள்ளைகளே. பொய் சொல்லமாட்டேன். கோலைப் பிடித்து நாலு எட்டு வைக்க வந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவனைக் கோழி கொத்தவில்லை.

அப்புறம் உங்கள் காது குத்து வந்தது. மூத்தவனை விட்டுவிட்டு இளையவர்களுக்குக் குத்த முடியாது. உங்கள் மாமன் வேறு வழியில்லாமல் மடியில் துண்டை விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணனை வைத்தான். பாவாயி சாதிக்காரர்கள் விசேஷத்துக்கு வீட்டுக்குள் வரக்கூடாது. மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பெரியப்பன் சேலையை எடுத்து அவள் பக்கம் எறிந்தார்.

"இன்னைக்கோட தீந்துது. நாளைக்கு வந்து வாசல்ல நிக்காதே."

நான் ஆசாரி கையைப் பிடித்தேன். "இன்னொரு காது இருக்கட்டுங்க."

"ஒத்தைக் காதுங்களா? பாக்க நல்லா இருக்காதுங்களே."

"காலுதான் நொண்டின்னா காதுமா?" என்றார் பெரியப்பன். பந்தலே சிரித்தது. அண்ணனும் என்னவென்று தெரியாமல் சிரித்தான்.

அந்த மாதமே எங்களைத் தனிக்குடும்பம் ஆக்கினார்கள். கல்லுக் காடுதான் நமக்கு வந்தது. பாவாயி மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். பாதிப் பிள்ளை இன்னும் அவள் பிள்ளை அல்லவா.

அண்ணன் இன்றைக்கு மேச்சேரிச் சந்தையில் உட்கார்ந்து கயிறு விற்கிறான். உங்களுக்குத் துன்பம் வந்தால் முருகனிடம் கேளுங்கள். அவன் தருவதை இகழ்ந்துவிடாதீர்கள். உங்கள் மாமன் கொடுக்காத மடிதான் பாவாயியை நம் வீட்டில் நிறுத்தியது.

போன ஐப்பசியில் அவள் செத்துப்போனாள். நம் சனத்தில் ஒருத்தரும் போகவில்லை. அண்ணனை அழைத்துப் போகவும் விடவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் மட்டும் போனேன். பெட்டியில் கிடந்த மற்றக் கடுக்கனை மடியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். அவள் தலைமாட்டில் மண்ணை விரலால் தோண்டி அதை வைத்து மூடினேன்.