நாமா, நாங்களா?

என் சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று என்னுடையது, மற்றது அரை இன்ச்சுடையது. எவ்வளவு குறைக்கச் சொன்னாலும் அரை இன்ச்சுக்கு மேல் கத்தரி வைக்கமாட்டான். அதனால் அந்தப் பெயர். "வெட்டின முடிய ஒட்ட முடியாதுண்ணே" என்பான். முடியில் இவ்வளவு நிதானம் பார்க்கிறவனுக்கு வீட்டில் மட்டும் மூக்குக்கு மேல் கோபம். விவாகரத்து அப்படித்தான் ஆனது. மகள் அம்மாவிடம், சனி, ஞாயிறு மட்டும் இவனிடம்.

அம்மாக்காரிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில் அதே வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. மகளையும் கூட்டிப்போகக் கோர்ட்டில் அனுமதி கேட்டாள். கூடவே கூடாதென்று இவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவ எட்டிப் பாக்க நான் என்ன விருந்தாளியா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவான். நாற்காலியில் இருப்பவர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அவனை அதிகம் அறுத்தது பாப்பாவின் சந்தோஷம்தான். ஏழு வயது. புது ஊர், புது ஸ்கூல், மாடிவீடு என்று வாய் ஓயாமல் பேசுவாள். "கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா பாருங்கண்ணே" என்று புலம்புவான். பெற்றவன் இப்படி உருகும்போது இது துள்ளுகிறதே என்று எனக்கும் எரிச்சல்தான்.

விசாரணைக்கு முந்தைய சனிக்கிழமை, நாற்காலியின் கைப்பிடிகள் மேல் பலகையைப் போட்டு, பாப்பாவை அதில் உட்காரவைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, நாம அங்க போனதும் கடல் பாக்கப் போலாமா?"

கத்தரி நின்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு வாத்தியார் மாதிரி திருத்தினான். "நாம இல்ல பாப்பா, நாங்கன்னு சொல்லணும். நீயும் அம்மாவும்தானே போறீங்க."

"ஏன், நீ வரலியா?"

கண்ணாடியில் அவள் முகம் வாடிப்போனது. "நாம போறோம்னுதானே அம்மா சொன்னாங்க?"

அம்மா சொன்ன 'நாம' இரண்டு பேர். இந்தக் குழந்தை அதில் அப்பாவையும் சேர்த்துவிட்டிருந்தது. இத்தனை நாள் துள்ளியதெல்லாம் அந்த நினைப்பில்தான்.

"அப்போ நானும் போகல" என்று அழ ஆரம்பித்தாள்.

நான் அவனைத் தள்ளிக்கொண்டுபோய், "இதையே ஜட்ஜம்மா முன்னாடி சொல்லச் சொல்லுடா, ஜெயிச்சிடுவ" என்றேன். அவன் என்னை முறைத்தான். திரும்பிப் போய், பாப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, மீதி முடியை வெட்டி முடித்தான்.

பிறகு கேட்டான்: "ஏண்ணே, அந்த ஊர்லயும் முடி வளருமில்ல?"

"வளராம? நீ வெட்டுற லட்சணத்துக்கு வாராவாரம் வருவாங்க."

கோர்ட்டில் ஆலோசனை அறைக்குள் போனவன், தானும் அங்கேயே வந்து தனி வீடு பார்த்துக்கொள்வதாகவும், சனி, ஞாயிறு மாறக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். "வேலையா, பாப்பாவான்னு தூங்கவே இல்லங்க. வயித்துல பால வார்த்தீங்க." வெளியே வந்து அதைச் சொன்னபோது இவனும் மூக்கை உறிஞ்சினான்.

அவர்கள் முதலில் போனார்கள். போன வாரம் அம்மாக்காரி போன் செய்தாள். இவன் கையில் சோப்பு நுரை, ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க வீட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை காலியா இருக்குங்க."

"எங்க வீடு இல்லம்மா, நம்ம வீடு!" என்று பாப்பாவின் குரல்.

இவன் சிரித்துவிட்டான். "இல்ல பாப்பா, அம்மா சொன்னதுதான் சரி."

"அப்போ கடை?"

"அது நம்ம கடை."

அந்த 'நம்ம'வில் நான் இல்லை என்று தெரியும். பாப்பா உட்காரும் பலகையைத் துடைத்து, அவன் பெட்டியோடு சேர்த்துக் கட்டினேன்.